நகரக் கல்வி வலயத்தின் விழுமியங்கள்: பெற்றோருக்கு ஓர் எளிய அறிமுகம்

யாழ்ப்பாண நகரின் ஏதாவதொரு பாடசாலையின் அலுவலகத்துக்குள் நுழைந்தால், அதிபரின் கதிரைக்குப் பின்னாலோ வாசலுக்கு நேரேயோ மூன்று தலைப்புகள் எழுதிய ஒரு பலகை கண்ணில் படும்: தூரநோக்கு, பணிக்கூற்று, விழுமியங்கள். அந்தப் பகுதிப் பாடசாலைகளை மேற்பார்வை செய்யும் வலயக் கல்விப் பணிமனையிலும் அதே மூன்றுதான். பிள்ளையின் விடுகைப் பத்திரத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் நம்மில் பலர் அதை வாசித்திருப்போம். எங்கே போய்ச் சேர விரும்புகிறோம் என்பதைத் தூரநோக்கு சொல்கிறது. அதற்காக அன்றாடம் எதைச் செய்கிறோம் என்பதைப் பணிக்கூற்று சொல்கிறது. போகும் வழியில் எதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று சொல்பவை விழுமியங்கள். மூன்றில் மிகவும் மேலோட்டமாக வாசிக்கப்படுவது இந்த மூன்றாவதுதான். ஆனால் உங்கள் பிள்ளையின் வகுப்பறையில் நடப்பதை அதிகம் தீர்மானிப்பதும் அதுவே.

சமத்துவம், தரம், நேர்மை, பங்கேற்பு, பொறுப்புக்கூறல். எந்தப் பலகையை எடுத்தாலும் ஏறத்தாழ இந்தச் சொற்களே இருக்கும். சமத்துவம் வேண்டாம் என்று எந்த நிர்வாகமும் எழுதப் போவதில்லை. யாராலும் மறுக்க முடியாத சொற்களைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு எதுவும் விளங்காது. இரண்டு நல்ல விடயங்கள் ஒன்றோடொன்று முட்டும்போது நிர்வாகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். அது எதை உண்மையில் மதிக்கிறது என்பது அங்கேதான் வெளிப்படும்.

தரம் 1 அனுமதியை எடுத்துக்கொள்வோம். இதற்கெனக் கல்வி அமைச்சு சுற்றுநிருபம் வெளியிடுகிறது. அதில் நெடுங்காலமாக இருந்துவந்த பங்கீடு இது: பாடசாலைக்கு அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம், ஏற்கெனவே அங்கு படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு 15 வீதம், மீதி சில சிறிய பிரிவுகளுக்கு. பார்க்கக் கணக்குப் போலத்தான் இருக்கிறது. ஆனால் 50 வீதத்துக்குள், ஊர்ப் பாடசாலையில் ஊர்ப் பிள்ளைக்கு முதல் உரிமை என்ற விழுமியம் இருக்கிறது. 25 வீதத்துக்குள், ஒரு பாடசாலையைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிவரும் சமூகத்துக்கான மதிப்பு இருக்கிறது. ஒரு பிள்ளையைக் கொக்குவிலிலும் மற்றப் பிள்ளையைக் கொழும்புத்துறையிலும் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடும் தாயின் சிரமத்தை 15 வீதம் கணக்கில் எடுக்கிறது. மூன்றுமே நியாயமானவை. மூன்றையும் முழுமையாகக் கொடுக்க வகுப்பறையில் இடம் இல்லை. ஆகவே எதற்கு எவ்வளவு என்று யாரோ ஒருவர் முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும். விழுமியம் என்று நான் சொல்வது அந்த முடிவைத்தான்.

நேர்முகப் பரீட்சை நாளில் பெற்றோரின் கைகளில் இருக்கும் கோப்புகளைக் கவனித்துப் பாருங்கள். காணி உறுதியின் பிரதி, வாக்காளர் இடாப்பின் பிரதி, மின்கட்டணப் பட்டியல்கள், கிராம அலுவலரின் சான்று. தாய்வழிக் காணியில் சொந்த வீடு கட்டியிருப்பவரின் கோப்பு தடிப்பாக இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவரின் கோப்பு மெல்லியது. இடப்பெயர்வுகளில் உறுதியைத் தொலைத்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறும் குடும்பத்திடம் கோப்புக்குள் வைப்பதற்குக் கடதாசியே அதிகம் இராது. அவர்களும் பாடசாலையின் மதிலுக்கு அடுத்த ஒழுங்கையில்தான் இருக்கிறார்கள். 'அருகில் வசிப்போருக்கு முன்னுரிமை' என்ற நல்ல விழுமியம், நடைமுறைக்கு வரும்போது, அருகில் வசிப்பதைக் கடதாசியால் நிரூபிக்கக் கூடியவருக்கான முன்னுரிமையாகிவிடுகிறது. இதில் யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் ஒரு பிள்ளை வெளியே நிற்கிறது. எழுதிவைத்த விழுமியத்துக்கும் நடக்கும் விழுமியத்துக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியைப் பார்க்கப் பழகுவதே இந்த விடயத்தில் முதற்படி.

வலயத்தின் கை எவ்வளவு தூரம் எட்டும்?

1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண நிர்வாகத்துக்குள் வந்தன. மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வலயங்களும், வலயங்களின் கீழ் கோட்டங்களும் இருக்கின்றன. யாழ் மாவட்டத்தில் ஐந்து வலயங்கள்: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். நகரமும் நல்லூரும் யாழ்ப்பாண வலயத்துக்குள் வருகின்றன. தலைமையில் வலயக் கல்விப் பணிப்பாளர். அவருக்குக் கீழே கோட்டக் கல்விப் பணிப்பாளர்கள், பாடவாரியான ஆசிரிய ஆலோசகர்கள், முறைசாராக் கல்விக்குப் பொறுப்பானவர்கள். ஆசிரியரை ஒரு பாடசாலையிலிருந்து இன்னொன்றுக்குத் தற்காலிகமாக இணைப்பதிலும், பாடசாலைகளை மேற்பார்வை செய்வதிலும், இடைவிலகிய பிள்ளைகளைத் தேடிப் போவதிலும் வலயத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நகர வலயத்துக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. யாழ் இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி, யாழ் மத்திய கல்லூரி ஆகியவை தேசிய பாடசாலைகள். அவை மத்திய கல்வி அமைச்சின் கீழ் இருக்கின்றன. பரியோவான் கல்லூரியும் புனித பத்திரிசியார் கல்லூரியும் தனியார் நிர்வாகத்தில் இயங்குகின்றன. இவற்றுக்கு இடையிலேயே மாகாணப் பாடசாலைகள் பல இருக்கின்றன. வலயத்தின் கை முழுமையாக எட்டுவது இவற்றுக்குத்தான். சைக்கிளில் சிறிது நேரத்தில் சுற்றிவந்துவிடக் கூடிய ஒரு நகரத்துக்குள் மூன்று வகை நிர்வாகங்கள். எங்கள் வலயத்தில் எல்லாப் பிள்ளைகளும் சமம் என்று பணிப்பாளர் எழுதினால், நகரத்தின் பெயர்பெற்ற பாடசாலைகள் சில அந்த வாக்கியத்துக்கு வெளியே நிற்கின்றன. பெற்றோர் இதை அறிந்திருந்தால், எந்தக் கேள்வியை எந்தப் படலையில் கேட்பது என்பதில் குழப்பம் வராது.

வெளிநாட்டு நகரங்களில் இது எப்படி?

பாடசாலை நிர்வாகங்கள் தங்கள் விழுமியங்களை ஆவணமாக எழுதி வெளியிடும் வழக்கம் அமெரிக்காவில் மிகவும் வேரூன்றியது. அங்கே ஏறத்தாழ 13,000 பாடசாலை மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மக்கள் வாக்களித்து ஒரு கல்விச் சபையைத் தெரிவுசெய்கிறார்கள். அந்தச் சபை ஒரு தலைமை நிர்வாகியை நியமிக்கிறது. பல இடங்களில் சொத்து வரியின் ஒரு பகுதி நேராகப் பாடசாலைக்குப் போகிறது. வாக்கும் வரியும் கேட்கிறவர்கள், எதை அளவுகோலாக வைத்து நடக்கப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நமது உறவினர் பலரின் பிள்ளைகள் படிக்கும் ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபையும் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உறுப்பினர்களைக் கொண்டு உருவானதே. 1998 இல் நகரின் பல சபைகளை இணைத்து உருவாக்கப்பட்ட அதில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் தங்கையிடம் கேட்டால், அவருடைய பகுதியின் சபை உறுப்பினர் யார் என்று தேடிச் சொல்வார்.

வடமாகாணத்தில் நிலைமை வேறு. மாகாணசபைக்கு முதல் தேர்தல் 2013 இல் நடந்தது. அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகளாகத் தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கீழேயே நிர்வாகம் நடந்தது. கல்விக்குப் பொறுப்பான ஒருவரை வாக்கால் கேள்வி கேட்கும் வழி மூடிக் கிடக்கும்போது, பலகையில் எழுதிய விழுமியங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்பது இன்னும் முக்கியமாகிறது.

தேர்தலும் ஆவணமும் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்ரோனியோ என்ற நகரம் இருக்கிறது. 1960களின் இறுதியில் அந்த நகரப் பகுதிக்குள் எட்ஜ்வூட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பாடசாலை மாவட்டங்கள் இருந்தன. எட்ஜ்வூட் ஏழைகளின் பகுதி. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர் வாழ்ந்தார்கள். அலமோ ஹைட்ஸ் வசதியானவர்களின் பகுதி. 1967–68 கல்வியாண்டில் எட்ஜ்வூட்டில் ஒரு பிள்ளைக்குச் செலவிடப்பட்டது 356 டொலர். அலமோ ஹைட்ஸில் 594 டொலர். கவனிக்க வேண்டியது இதுதான்: எட்ஜ்வூட் மக்கள் கட்டிய சொத்து வரியின் வீதம் அலமோ ஹைட்ஸைவிட அதிகம். கூடுதலான வீதத்தில் வரி கட்டியும் குறைவான பணம், காரணம் அவர்களின் வீடுகளின் பெறுமதி குறைவு. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 1973 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 5 க்கு 4 என்ற பெரும்பான்மையில் அந்த நிதி முறை அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டே, 1974 இல், அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைத் தந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் விளங்காத சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேர் மேலதிக மொழி உதவி எதுவுமின்றி ஆங்கில வகுப்புகளில் இருத்தப்பட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் என்றுதானே கொடுத்திருக்கிறோம் என்பது நிர்வாகத்தின் நிலை. விளங்காத மொழியில் நடக்கும் வகுப்பில் அந்த ஒரே புத்தகத்தைக் கொடுப்பது சமமாக நடத்துவது ஆகாது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். சமமாகப் பகிர்வதும் நியாயமாகப் பகிர்வதும் வேறு வேறு என்பதைத் தெளிவாக விளக்கும் சம்பவமாக எனக்குத் தெரிந்தது இது. யாழ்ப்பாணத்தில் வகுப்பறை மொழி பெரும்பாலும் தமிழே. ஆனாலும் தரம் 6 க்கு வந்தபின்பும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை நம்மிடமும் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் விஞ்ஞானப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எல்லோருக்கும் இலவசப் பாடநூல் வழங்கிவிட்டோம் என்று கணக்கு முடித்தால், நாமும் அந்தப் பழைய நிர்வாகத்தின் இடத்தில்தான் நிற்கிறோம்.

கடைசிப் பாத்தி

நம் நாட்டில் அரச பாடசாலை ஆசிரியரின் சம்பளம் ஊரின் வீட்டு விலையைப் பொறுத்தது அல்ல. அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாடநூல், சீருடை, இவை எல்லாம் அரசிடமிருந்தே வருகின்றன. ஆகவே எட்ஜ்வூட் கதை நமக்குப் பொருந்தாது என்று தோன்றலாம். நமது நகரத்தில் வேறுபாடு வேறு வழியால் உள்ளே வருகிறது. பெயர்பெற்ற பாடசாலைக்கு இலண்டனில் ஒரு பழைய மாணவர் சங்கம், ரொறன்ரோவில் ஒன்று, சிட்னியில் ஒன்று. மண்டபம் வருகிறது, ஆய்வுகூடம் வருகிறது, திறன் வகுப்பறை வருகிறது. கொடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தன்னை ஆளாக்கிய பாடசாலைக்குக் கொடுப்பது நன்றியுள்ளவரின் செயல். ஆனால் குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் சிறிய பாடசாலையின் பழைய மாணவர் பெரும்பாலும் கடலில் இருக்கிறார்; இலண்டனில் அவர்களுக்குச் சங்கம் இல்லை.

நமது தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும்போது கிணற்றடிக்கு அருகிலுள்ள பாத்தி தானாக நிரம்பும். வாய்க்காலின் கடைசியிலுள்ள பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டுமானால் ஒருவர் மண்வெட்டியோடு நின்று முன் பாத்திகளின் வாயை உரிய நேரத்தில் அடைத்துத் தண்ணீர் மாற வேண்டும். வலயம் என்ற அமைப்பு இருப்பதே அந்த வேலைக்காகத்தான் என்பது என் உறுதியான கருத்து. வெளிநாட்டுப் பணத்தை அது திசைதிருப்ப முடியாது, திருப்பவும் கூடாது. ஆனால் அதன் கையில் பணத்தைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது: ஆசிரியர்.

எல்லோரும் நகரத்துக்கு இடமாற்றம் கேட்கிறார்கள். தீவுப் பகுதியிலும் வன்னியிலும் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆளில்லை என்ற குரல் வருடாவருடம் கேட்கிறது. நகர வலயத்துக்கு உள்ளேயும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. நல்ல கணித ஆசிரியர் என்று பெயர் எடுத்தவரைப் பெரிய பாடசாலை கேட்கிறது. அங்குள்ள பெற்றோர் செல்வாக்கு உள்ளவர்கள், கடிதம் எழுதத் தெரிந்தவர்கள், தொலைபேசியில் யாரை அழைப்பது என்று தெரிந்தவர்கள். சிறிய பாடசாலையின் பெற்றோருக்கு அந்த வழிகள் தெரியாது. தெரிந்தாலும் ஒருநாள் தொழிலை விட்டுவிட்டுப் பணிமனைக்கு வர முடியாது. சத்தம் போடுபவருக்கு முதலில் கொடுப்பது நிர்வாகத்துக்கு இலகு. சத்தம் வராத இடத்துக்கு ஓர் ஆசிரியரை அனுப்பி, அதனால் வரும் எதிர்ப்பையும் தாங்கிக்கொள்ளும் பணிப்பாளர், பலகையில் எழுதியதைச் செய்து காட்டுகிறார். அவருக்கு இதனால் கிடைப்பது பெரும்பாலும் திட்டுத்தான். விழுமியத்துக்கு விலை உண்டு என்று சொல்வது இதைத்தான். விலை கொடுக்காத வரை அது விருப்பம் மட்டுமே.

சிறிய பாடசாலைகள் என்றால் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தவை. எண்ணிக்கை குறைகிறது என்று மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுகிறது. எண்ணிக்கை ஏன் குறைகிறது? கொஞ்சம் வசதி வந்ததும் பெற்றோர் பிள்ளையை வான் வண்டியில் ஏற்றி நகர நடுவிலுள்ள பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். எஞ்சுவது அனுப்ப முடியாதவரின் பிள்ளைகள். அங்கே ஆசிரியர் குறைவு, பெறுபேறு குறைவு. பெறுபேறு குறைவதால் அடுத்த வருடம் இன்னும் சிலர் போகிறார்கள். இந்தச் சுழலை எந்தப் பெற்றோரும் தனியாக நிறுத்த முடியாது. எந்த அதிபரும் தனியாக நிறுத்த முடியாது. முழுப் படத்தையும் பார்க்கக் கூடிய உயரத்தில் இருப்பது வலயம் மட்டுமே.

எல்லோருக்கும் இடம் என்ற விழுமியத்துக்குள் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் திரும்பி வந்தோரின் பிள்ளைகள். காது கேளாமலோ கண் தெரியாமலோ இருக்கும், கைதடி நவீல்ட் பாடசாலையோடு மட்டும் தங்கள் கல்வி முடிந்துவிட்டதென்று கருதப்படக் கூடாத பிள்ளைகள். தாய் தந்தை வெளிநாட்டிலோ இல்லாமலோ பாட்டியோடு வளரும் பிள்ளைகள். கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 1997 இல் 5 முதல் 14 வரை என்றிருந்து, 2016 இல் 16 வரை உயர்த்தப்பட்டது. ஆகவே 15 வயதில் கடற்றொழிலுக்குப் படகேறிவிட்ட பையனைத் தேடிப் போவது வலயத்தின் கருணை அல்ல, அதன் கடமை. வரவு இடாப்பில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து சிவப்பு மையில் விழும் அடையாளங்கள் எத்தனையாவது நாளில் ஒருவரின் கவனத்துக்கு வருகின்றன, அவர் வீட்டுக்குப் போகிறாரா, போனால் தந்தையிடம் என்ன கதைக்கிறார் என்பதை வைத்து ஒரு பாடசாலையின் சமத்துவத்தை அளந்துவிடலாம்.

இந்த மண்ணுக்குப் புதியது அல்ல

இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த பேச்சு என்று சிலர் எண்ணுவார்கள். யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாற்றில் விழுமியங்கள் மோதிய ஒரு காலம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அதை நாம் போதுமான அளவு சொல்வதில்லை. ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் பாடசாலைக்குள் வந்தாலும் வாங்கில் இருக்க முடியாது. தரையில் இருந்தார்கள், அல்லது வெளியே நின்றார்கள். 1930 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தது. அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைகள் எரிக்கப்பட்டன. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ், தன் கூட்டங்களிலேயே சமமாக இருத்தலையும் சேர்ந்து உண்பதையும் நடைமுறையாக்கிக் காட்டியது. சம ஆசனம், சம போசனம் என்ற முழக்கம் இங்கே பிறந்த வரலாறு இது.

அந்தப் பணிப்பு வந்த நாளில் ஓர் அதிபரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம், ஊர்ப் பெரியவர்களின் ஆதரவு. அது இல்லாமல் பாடசாலை நடக்காது. மறுபக்கம், தரையில் இருக்கும் ஒரு பிள்ளை. சமூகத்தோடு இணைந்து செயற்படுதல் என்பதும் விழுமியம்தான். ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பும் விழுமியம்தான். இரண்டும் முட்டின. பிள்ளையை வாங்கில் இருத்தியவர்கள் எதை முதலில் வைப்பது என்று முடிவெடுத்தவர்கள்.

போர்க்காலமும் அப்படியே. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. ஒரு பாயும் ஒரு பானையும் கொண்டு வந்தவர்கள் சில வாரங்களுக்குள் பிள்ளையை எங்கே படிக்க விடுவது என்று விசாரித்தார்கள். ஆசிரியர்கள் தாங்களும் இடம்பெயர்ந்த நிலையில் வகுப்பு எடுத்தார்கள். எந்தச் சுவரிலும் எந்தப் பலகையும் இல்லாத காலம் அது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக

தரம் என்ற விழுமியம் நம் ஊரில் விளக்கமே தேவைப்படாதது. க.பொ.த. சாதாரண தரத்தில் 9 ஏ எடுத்த பிள்ளையின் படம் மதிலில் தொங்கும், பத்திரிகையிலும் வரும். மகிழ்ச்சியே. ஆனால் ஒரு பாடசாலையின் தரத்தை உச்சத்தில் நிற்கும் பத்துப் பேரை வைத்து அளப்பதா, கணிதத்தில் சித்தியடையாத பிள்ளைகள் போன வருடத்தைவிடக் குறைந்தார்களா என்று பார்ப்பதா என்பது விழுமியம் சார்ந்த தெரிவு. இரண்டாவதுக்கு யாரும் பதாகை கட்டுவதில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஒன்பது வயதுப் பிள்ளையைக் காலையும் மாலையும் ரியூசனுக்கு அனுப்புகிறோம். அந்தப் பிள்ளை விளையாடும் நேரத்தையும் தரத்தின் பகுதியாக எண்ணுகிறோமா? நான் எண்ண வேண்டும் என்கிறேன்.

பாதுகாப்பு. 'அடியாத மாடு படியாது' என்று சொல்லி வளர்ந்த சமூகம் நாம். பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இல் 17 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தாலும் 2016 இல் 12 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தாலும் பணித்திருக்கிறது. ஆயினும் 'ரெண்டு போட்டு நல்லாக்கி விடுங்கோ சேர்' என்று பெற்றோரே ஆசிரியரிடம் ஒப்படைப்பதை இன்றும் கேட்கலாம். இங்கே நிர்வாகத்தைவிட நாம்தான் பின்தங்கி நிற்கிறோம். பிள்ளைக்கு எங்கே தீங்கு நடந்தாலும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

நம்பிக்கையும் வெளிப்படைத்தன்மையும் பெரும்பாலும் பணத்தில் வந்து நிற்கும். பாடசாலைக்குக் கொடுக்கும் எந்தப் பணத்துக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். கணக்கு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெற்றோர் எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் உங்கள் பாடசாலையின், வலயத்தின் விழுமியங்கள் எவை என்று உண்மையாகவே வாசியுங்கள். ஆசிரியர் வழிகாட்டிகளின் முதற்பக்கங்களில் தேசிய கல்வி இலக்குகள் எட்டும் அச்சிடப்பட்டிருக்கும். மனித கண்ணியம், சமூக நீதி எல்லாம் அவற்றில் உண்டு. பிறகு ஒரே ஒரு விழுமியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் இதற்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று அதிபரிடம் பண்பாகக் கேளுங்கள். நல்ல அதிபருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். பல அதிபர்கள் இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று இருக்கிறார்கள். அவர்கள் தனியாக எடுத்த கடினமான முடிவுகளுக்கு அப்போதுதான் துணை கிடைக்கும்.

அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் பிள்ளையின் வகுப்பைப் பற்றி மட்டும் கேட்காமல், அந்த வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையைப் பற்றியும் கேளுங்கள். வரமுடியாத பெற்றோருக்காக அங்கே பேசக் கூடியவர் வந்திருப்பவர் மட்டும்தான். கூட்டத்தை மாலையிலோ விடுமுறை நாளிலோ வைக்கச் சொல்லிக் கேட்பதும் உதவும். காலை பத்து மணிக்கு வைக்கும் கூட்டத்துக்கு நாட்சம்பளக்காரர் வரமாட்டார்.

வலயத்திடம் கேட்க வேண்டியவை இருந்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எங்கள் கோட்டத்தில் கணித ஆசிரியர் வெற்றிடம் எந்தெந்தப் பாடசாலைகளில், எத்தனை மாதங்களாக இருக்கிறது? கடந்த மூன்று ஆண்டுகளில் தற்காலிக இணைப்பில் போன ஆசிரியர்கள் எந்தப் பாடசாலையிலிருந்து எந்தப் பாடசாலைக்குப் போனார்கள்? இடைவிலகிய பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள்? இப்படி எண்ணிக்கையால் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாக எழுதுங்கள். பிள்ளைகளின், ஆசிரியர்களின் பெயர்களைக் கேட்க வேண்டாம். கோரிக்கையைப் பணிமனையின் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டுத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும்.